பார்சிலோனாவில் ஒரு கிணறு

கிணறு கணக்கெடுப்புத் துறை என்று ஒரு துறை இருப்பதே திண்டுக்கல்காரர்கள் பலருக்குத் தெரியாது. அதில் துறைக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. தெரிந்தால் மனுவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மாவட்ட அலுவலகம் நாகல் நகரில் ஒரு பூட்டுக்கடை மாடியில் வாடகைக்கு இருக்கிறது. சொந்தக் கட்டிடம் ரெட்டியார்சத்திரம் போகிற வழியில் பாதி எழும்பி நிற்கிறது. அதன் தூண்களில் யாரோ ஒரு புண்ணியவான் ஆடு கட்டியிருக்கிறார்.

துறையின் வேலை, ஆண்டுதோறும் மாவட்டத்துக் கிணறுகளை எண்ணிச் சென்னைக்கு அனுப்புவது. கிணறு எங்கேயும் எழுந்து போய்விடாது என்பதால் போன ஆண்டு அனுப்பிய எண்ணிக்கையையே இந்த ஆண்டும் அனுப்புவார்கள். தூர்ந்துபோன கிணறு, மண்ணடித்து மேலே கல்யாண மண்டபம் எழுப்பிய கிணறு எல்லாம் எண்ணிக்கையில் பத்திரமாக இருக்கின்றன. பாசனத்துக்குத் தண்ணீர் இல்லை என்று யாராவது சொன்னால், அத்தனை கிணறு இருக்கும்போது எப்படி இல்லாமல் போகும் என்று துறை உண்மையிலேயே ஆச்சரியப்படும்.

அந்தோணிமுத்து அங்கே உதவியாளர். தலை நரைத்த பிறகும் குரல் உயராத மனிதர். பணியில் சேர்ந்த நாளிலிருந்து துறையிடம் தனக்கென்று பெரிதாக எதையும் கேட்டதில்லை. கேட்ட ஒரே பெரிய விஷயம் ஸ்பெயின்.

ஒரே மகள் வினோலியா பார்சிலோனாவில் உணவுத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கப் போனவள் நடுவில் ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. படிப்பு ஜூன் மாதத்தோடு முடிகிறது. அதன் பிறகு வேறொரு குளிர் நாட்டில் வேலை. அறையைக் காலி செய்வதற்குள் அப்பாவும் அம்மாவும் வந்து அந்த ஊரைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“நான் இங்க இருந்தேன்னு பின்னாடி எனக்கே நம்பிக்கை வரணும்ல. நீங்க ரெண்டு பேரும் வந்து இந்தத் தெருவுல நடந்துட்டீங்கன்னா வந்துரும்ப்பா” என்றாள் போனில்.

அதற்காக அவள் போட்ட திட்டத்தைப் பார்த்தால் பெற்றவர்களுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆகவே படி அதிகம் ஏறாத வழிகள். அம்மாவுக்குக் காலையில் காப்பி உள்ளே போகாமல் கண் தெரியாது, ஆகவே எந்தக் கிளம்புதலும் காப்பிக்குப் பிறகுதான். நூறு வருடத்துக்கும் மேலாகக் கட்டிக்கொண்டே இருக்கிற திருக்குடும்பப் பேராலயம், பழைய நகரத்துச் சந்துகள், ஓட்டுச் சில்லு பதித்த பூங்கா, காய்கறிச் சந்தை, கடற்கரை. கடைசியாக, அவள் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால் மேட்டில் கிடக்கிற ஒரு கல் பெஞ்சு. வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் அதில் உட்கார்ந்துதான் பேசுவாளாம். முதல் வருடம் அங்கே உட்கார்ந்து நிறைய அழுதிருக்கிறாளாம். அதை இப்போதுதான் சொன்னாள்.

அந்தோணிமுத்துவின் மனைவி அல்போன்சா மறுநாளே ஒரு ஜோடி நடைக் காலணி வாங்கினாள். ஞாயிறு பூசை முடிந்ததும் சேலைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு நாகல் நகரை வலம் வந்து பழகினாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்பெயினுக்கு என்று சொன்னாள். சரி, ஊரே பார்க்க ஆரம்பித்துவிட்டது. பாக்கி இருந்தது ஒரு தடையின்மைச் சான்று. அரசு ஊழியர் வெளிநாடு போவதில் துறைக்கு ஆட்சேபணை இல்லை என்று துறை ஒரு வரி எழுதித் தர வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தார் அந்தோணிமுத்து. இத்தனை காலம் அங்கே வேலை பார்த்தும் அப்படி நினைத்தார் என்பதில் இருந்தே அவர் எவ்வளவு நல்லவர் என்று புரிந்துகொள்ளலாம்.

கண்காணிப்பாளர் பொன்னுத்துரை விண்ணப்பத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, நோக்கம் என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

“ஏப்பா, ‘ஊர் சுற்றிப் பார்க்க’ன்னு எழுதியிருக்க. அரசு ஊழியன் ஊர் சுத்துறான்னு நானே கையெழுத்துப் போட்டு மேல அனுப்பவா?”

துறையிடம் நான்கு தலைப்புகள்தான் இருந்தன. மருத்துவம், மேற்படிப்பு, புனிதப் பயணம், நெருங்கிய உறவினர் மரணம். மரணம்தான் இருப்பதிலேயே வேகமாக நகரும் தலைப்பு என்று பொன்னுத்துரை அனுபவத்தில் சொன்னார். ஸ்பெயினில் வேண்டியவர்கள் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றும் அக்கறையோடு விசாரித்தார். அந்தோணிமுத்து மகளை நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு, புனிதப் பயணத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அதற்குப் பங்குச்சாமியாரிடமிருந்து, பேராலயம் என்பது ஆலயம்தான் என்று ஒரு கடிதம் வாங்கிவர வேண்டியிருந்தது. கடிதம் வந்ததும் புதிய சந்தேகம் முளைத்தது. புனிதப் பயணி ஆலயத்தைப் பார்க்கலாம், சரி. போகிற வழியில் கடற்கரை இருக்கிறதே, அதைப் பார்ப்பாரா மாட்டாரா?

“கண்ணுல படும் சார்” என்றார் அந்தோணிமுத்து.

“படும்னா அது சுற்றுலா ஆயிருமேப்பா.”

இதற்கு மதுரை மண்டல அலுவலகத்திடம் தெளிவுரை கேட்டு எழுதினார்கள். வழியில் தென்படுவனவற்றைப் பார்ப்பதில் தடையில்லை, நின்று பார்க்கக் கூடாது என்று பதில் வந்தது. அப்படியே ஒவ்வோர் இடத்துக்கும் பெயர், தெரு, அஞ்சல் குறியீட்டு எண் மூன்றும் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வினோலியா தேடிக் கொடுத்தாள். கல் பெஞ்சுக்குத்தான் பெயர் இல்லை.

“பேரே இல்லாத இடத்த எப்படிப்பா பாக்க முடியும்?” என்று பொன்னுத்துரை சிவப்பு மையால் அந்த வரியை அடித்தார். அடித்த இடத்தில் சுருக்கக் கையெழுத்தும் போட்டார். அந்தோணிமுத்துவுக்கு அந்தக் கோடு எங்கேயோ தன் மேலேயே விழுந்தது போல் இருந்தது. ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டார். ஒரு பெஞ்சு போனால் போகிறது, ஊர் கிடைக்கிறதே.

கோப்பு அதன் பிறகு மாவட்ட அலுவலர் பழனிக்குமாரிடம் போனது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். யாரையும் கடிந்து ஒரு சொல் பேசமாட்டார். கடைநிலை ஊழியர் வந்தாலும் வாங்க, உக்காருங்க என்பார். அவரிடம் மரியாதையாகக் கெட்டுப்போனவர்கள் அந்த அலுவலகத்தில் அநேகம் பேர்.

அவர் கோப்பைப் படித்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் கிணறு எங்கே என்று கேட்டார். கிணற்றுத் துறை அனுமதி கொடுக்கிற பயணத்தில் கிணறு சம்பந்தமாக ஒரு சொல்லாவது வேண்டாமா? நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது? நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அந்தோணிமுத்து மகளுக்குப் போன் போட்டார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பார்சிலோனா முழுக்கக் கிணறு தேடினாள். கடைசியில் ஒரு பழைய மடத்து முற்றத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து அனுப்பினாள். இனிமேல் ஒரு குறையும் இல்லை என்று அந்தோணிமுத்து அன்று வீட்டுக்கு ஜாதிப்பூ வாங்கிப் போனார்.

கெட்டது அந்தக் கிணற்றால்தான்.

மறுநாள் பழனிக்குமார் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். முகத்தில் ஓர் ஒளி இருந்தது.

“ஏனுங்க அந்தோணிமுத்து, இந்தக் கோயில நூறு வருசத்துக்கு மேல கட்டிட்டே இருக்கறாங்கன்னு போட்டிருக்கறீங்களே, நெசமுங்களா?”

“ஆமா சார்.”

“இன்னும் முடிக்கலீங்களா?”

“வேலை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு சார்.”

பழனிக்குமார் ஜன்னல் வழியே ரெட்டியார்சத்திரம் இருக்கும் திசையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வெளிநாட்டுக் கிணறு என்பது துறைக்கே புதிது, இதை ஓர் உதவியாளர் போய்த் தனியாகப் பார்த்துவிட்டு வந்தால் துறைக்கு மரியாதை இல்லை, ஆகவே அனுமதி கொடுப்பதற்கு முன் அந்தத் திட்டத்தில் உள்ள இடங்கள் ஓர் அரசு ஊழியர் பார்க்கத் தகுந்தவைதானா என்று ஒரு குழு நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றார். அந்தோணிமுத்துவின் நன்மைக்குத்தான் என்பதையும் சொன்னார்.

குழுவில் பழனிக்குமார் இருந்தார். பொன்னுத்துரை இருந்தார். இருவரின் மனைவிமாரும் தொழில்நுட்பம் சாராத உறுப்பினர்களாக இருந்தார்கள். மற்ற துறைகளில் ஆசிரியரும் நர்ஸும் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிற அந்தத் தடையின்மைச் சான்று இவர்களுக்குக் காலையில் எழுதி மதியத்துக்குள் வந்துவிட்டது. நான்கு தலைப்புகளில் எதில் போனார்கள் என்று அந்தோணிமுத்து கேட்கவில்லை. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது போலும்.

வினோலியா கண் விழித்துப் போட்ட திட்டத்தைக் குழு அப்படியே எடுத்துக்கொண்டது. காப்பிக்குப் பிறகு கிளம்புவது உட்பட. திட்டத்தின் அடியில் உள்ளூர்த் தொடர்புக்கு என்று அவளுடைய எண்ணும் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டார்கள். அல்போன்சா மகளுக்கென்று பருப்புப்பொடி, கருவாட்டுத் தொக்கு, சிறுமலை வாழைப்பழ அல்வா எல்லாம் கட்டி, பழனிக்குமாரின் மனைவியிடம் கொடுத்தனுப்பினாள். விடுப்புக்கு எழுதிக் கேட்டிருந்த அந்தோணிமுத்துவிடம், அலுவலகத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர் பார்த்துக்கொண்டார். அந்த நாட்களில் வினோலியா போனை எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை எடுத்தபோது, மூச்சு வாங்க, பஸ்ஸில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். பின்னால் யாரோ, “பாப்பா, அந்தத் தண்ணி பாட்டில எடு” என்று சொல்வது கேட்டது. பொன்னுத்துரையின் குரலை அந்தோணிமுத்து எங்கே கேட்டாலும் அறிவார்.

குழு திரும்பி வந்ததும் வத்தலக்குண்டு சாலையில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. பாராட்டியவர்களும் அவர்களே. ஊழியர்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டிருந்தார்கள். அல்போன்சா பட்டுச்சேலையில் வந்து மூன்றாம் வரிசையில் அந்தோணிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விளக்கை அணைத்துத் திரையில் படம் காட்டினார்கள். பேராலயத்தின் முன் பழனிக்குமார். பூங்காவில் பொன்னுத்துரை. சந்தையில் மனைவிமார். மடத்துக் கிணறு ஒரே ஒரு படத்தில் வந்தது. அதன் மேல் பொன்னுத்துரை கையை ஊன்றியிருந்ததால் கிணறு சரியாகத் தெரியவில்லை.

படம் எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். ஒன்றில் குடை பிடித்திருந்தாள். ஒன்றில் இரண்டு தோளிலும் அடுத்தவர்களுடைய கைப்பைகள். இன்னொன்றில் பாதி முகம் வெட்டுப்பட்டிருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு அல்போன்சா அனுப்பிய மஞ்சள் சுவெட்டர் இல்லாவிட்டால் அந்தோணிமுத்துவுக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

“கழுத்தெலும்பு தெரியுதுங்க” என்றாள் அல்போன்சா, இருட்டில்.

அந்தோணிமுத்துவுக்கு அழுகை வந்தது. எத்தனையோ நாளாகப் பார்க்கவேண்டும் என்று ஏங்கிய பிள்ளையை, கைதட்டுகிற கூட்டத்தின் நடுவே, பிறர் பையைச் சுமந்துகொண்டு நிற்கிற கோலத்தில் அவள் போன பிறகு முதல்முதலாக முழு உருவமாகப் பார்த்தார். சுற்றிலும் எல்லோரும் கைதட்டியதால் அவரும் தட்டினார்.

பழனிக்குமார் மேடையில் பேசினார்.

“அவங்க நூறு வருசத்துக்கும் மேல ஒரு கட்டிடத்தக் கட்டிட்டே இருக்கறாங்க. ஒருத்தரும் கேள்வி கேக்கறதில்லீங்க. கேக்காததுமில்லாம, வேலை நடக்கறதப் பாக்கறதுக்கு டிக்கெட் எடுத்து வரிசைல நிக்கறாங்க. நாம ரெட்டியார்சத்திரத்துல ஒரு கட்டிடத்தப் பாதீல உட்டுப்போட்டு எத்தன வருசமாத் தலை குனிஞ்சுட்டு இருக்கறோம்? இனிக் குனிய வேண்டீதில்லீங்க. அப்பறம் அந்தக் கிணத்துலயும் தண்ணி இல்லீங்க. அதப் பாத்ததுந்தான் எனக்கு நம்ம ஊருக்கு வந்த மாதிரி மனசு நெறஞ்சுது.”

அடுத்த வாரமே பாதிக் கட்டிடத்தின் முன்னால் தகரத்தில் ஒரு டிக்கெட் கூண்டு வைத்தார்கள். ஆட்டுக்காரரிடம் இரண்டு ஆட்டை அங்கேயே விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டதாகத் தகவல். வருகிறவர்களுக்குப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

கோப்பும் ஒருவழியாக முடிந்தது. பழனிக்குமார் அந்தோணிமுத்துவை உட்காரவைத்துத் தன் கையாலேயே ஆணையைக் கொடுத்தார். திட்டத்தில் கண்ட இடங்கள் யாவும் துறையால் ஏற்கெனவே பார்க்கப்பட்டுவிட்டபடியால், அதே இடங்களை மீண்டும் ஒருமுறை பார்ப்பது தேவையற்ற இரட்டிப்பு எனக் கருதி அனுமதி மறுக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. கூடவே ஒரு குறிப்பாணையும் இருந்தது. செல்வி வினோலியா என்பார் ஆய்வுக் குழுவினருக்குத் தமது அறையில் உணவளித்தும், பைகளைச் சுமந்தும், ஊர் சுற்றிக் காட்டியும், அதன் வாயிலாகத் தம் தந்தையின் விண்ணப்பத்துக்கு ஆதாயம் தேட முயன்றதாகத் தெரியவருவதால், அந்தத் தந்தையின் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அந்தோணிமுத்து விளக்கம் அளிக்க வேண்டும்.

“சோறு நல்லா இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது” என்றார் பழனிக்குமார். “அந்தக் கருவாட்டுத் தொக்கு இருக்குதே, வீட்ல இன்னும் பேசிட்டே இருக்கறாங்க. ஆனா விதின்னு ஒன்னு இருக்குதில்லீங்க.”

தொக்கு யாருக்குக் கட்டியது என்று அந்தோணிமுத்து சொல்லவில்லை. இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அல்போன்சா அடுப்பை அணைத்துவிட்டு வந்து இரண்டையும் நிதானமாகப் படித்தாள். நடைக் காலணி வாசலில் இருந்தது. நாகல் நகரைச் சுற்றியே அதன் அடி கொஞ்சம் தேய்ந்திருந்தது.

“இதுல எம்பேரு எங்கங்க இருக்கு?”

“ஒம்பேரு எப்படி இருக்கும்? நீ அரசு ஊழியர் இல்லையே.”

“அப்ப நான் யாருகிட்டக் கேக்கணும்?”

அந்தோணிமுத்து பழக்க தோஷத்தில் யோசித்தார். பிரிவு உதவியாளர், கண்காணிப்பாளர், மாவட்ட அலுவலர், மண்டலம், சென்னை என்று மனதுக்குள் ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கிப் பார்த்தார். எந்த மேஜையிலும் அல்போன்சாவுக்கு மேலதிகாரி இல்லை. புருஷன் இல்லாமல் வேளாங்கண்ணிக்குக்கூட அவள் போனதில்லை. குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம், அவ்வளவுதான். அந்த வழக்கத்துக்கு இத்தனை மாதம் ஒரு துறையே காவல் இருந்திருக்கிறது.

“யாரையும் கேக்க வேணாம்” என்றார் கடைசியில். சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவருக்கே புதிதாக இருந்தது.

ஜூன் பிறந்ததும் அல்போன்சா கிளம்பினாள். மறுபடியும் தொக்கு கட்டினாள். இந்தத் தடவை தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். அந்தோணிமுத்து மதுரை விமான நிலையம் வரை போய் விட்டுவிட்டு வந்தார். சேலைக்குக் கீழே அந்தக் காலணியோடு அவள் கண்ணாடிக் கதவுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தாள். அவருக்குப் பயமாகவும் இருந்தது, சொல்லத் தெரியாத சந்தோஷமாகவும் இருந்தது. மறுநாள் அலுவலகத்துக்குப் போய் விளக்கத்தின் முதல் வரியை எழுத ஆரம்பித்தார்.

அவர் மேஜையில் போன் மினுங்கியபோது பழனிக்குமார் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். படம் வந்திருந்தது. அவருக்கு அந்த ஊர் இப்போது அத்துப்படி அல்லவா? ஆசையாகக் குனிந்து பார்த்தார். ஒரு மேடு, பின்னால் கூரை கூரையாக ஊர், அதற்கும் பின்னால் கோடு மாதிரிக் கடல். ஒரு கல் பெஞ்சு. அதன் ஒரு முனையில் வினோலியா, மறு முனையில் அல்போன்சா. பிள்ளையின் முகம் முழுதாகத் தெரிந்தது.

“இது எந்த இடமுங்க? நாங்க பாக்கவே இல்லியே.”

“நம்ம ஆபீஸ்ல செவப்பு மையில அடிச்ச இடம் சார்.”

பழனிக்குமாருக்கு அது பிடிபடவில்லை. போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“அது சரிங்க. ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி உக்காந்துட்டு, நடுவுல எதுக்குங்க அத்தன எடம் உட்டிருக்கறாங்க?”

அந்தோணிமுத்து பேனாவைக் கீழே வைத்தார்.

“அங்கதான் சார் என் லீவு நிலுவையில இருக்கு.”

பழனிக்குமார் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதையும் எழுத்து மூலமாகக் கொடுத்துவிடச் சொன்னார்.